வாசிப்பு மிகுந்த தரவுத்தளத்துக்கு என்ன சர்வர் வாங்குவது?

பெரிய தரவுத்தளம் ஒன்றுக்குப் புது சர்வர் வாங்க வேண்டும் என்றதும் பேச்சு பெரும்பாலும் சிபியுவில்தான் தொடங்கும். எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ், எந்தத் தலைமுறை. அடுத்தது டிஸ்க். இரண்டும் போக மிஞ்சிய பணத்தில் ரேம். எழுதுவது குறைவு, வாசிப்பதுதான் வேலையே என்று இருக்கும் தரவுத்தளத்துக்கு இந்த வரிசை அப்படியே தலைகீழ். ரேமில் தொடங்கி, டிஸ்குக்கு வந்து, கடைசியில் சிபியுவுக்குப் போவதுதான் சரி. ஏன் என்பதைக் கணக்கோடு ஒருமுறை பார்த்துவிட்டால், எந்த விலைப்பட்டியலைக் கையில் கொடுத்தாலும் முதலில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பது புரிந்துவிடும்.

ஒரு குவெரி, அதாவது தரவைக் கேட்கும் கேள்வி, வந்ததும் தரவுத்தளம் செய்யும் வேலையில் பெரும்பகுதி, வேண்டிய பக்கத்தைத் தேடி எடுப்பது. தரவைச் சேமிக்கும் சம அளவுத் துண்டுதான் பக்கம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரு பக்கம் 8 கேபி. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு மென்பொருளின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியில் 16 கேபி. ஒரே ஒரு வரியில் இருக்கும் ஒரே ஒரு எண் போதும் என்றாலும் அந்த முழுப் பக்கமும் ரேமுக்கு வந்தாக வேண்டும். ஏற்கெனவே ரேமில் இருந்தால் அதைத் தொடுவதற்கு சுமார் 100 நானோ விநாடி ஆகும். என்விஎம்இ என்ற வேகமான இணைப்பு முறை கொண்ட எஸ்எஸ்டியில் இருந்தால் சுமார் 100 மைக்ரோ விநாடி, அதாவது ஆயிரம் மடங்கு. சுழலும் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் இன்னும் நூறு மடங்குக்கு மேல். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்குக்கு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி ஆகிறது. வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஊசி சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு ஒரு 8 மில்லி விநாடி. மொத்தம் 12 மில்லி விநாடி என்று வைத்தால் விநாடிக்கு 80 பக்கம். எவ்வளவு விலை உயர்ந்த டிஸ்காக இருந்தாலும் இந்தச் சுற்றும் நகர்வும் இயற்பியல், பேரம் பேச முடியாது.

ஆக சர்வர் தேர்வு என்பது உண்மையில் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுவது: கேட்கும் நேரத்தில் அந்தப் பக்கம் எங்கே இருக்கப்போகிறது?

ஒரு சதவீதத்தின் எடை

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 5,000 குவெரி வருகிறது, ஒவ்வொன்றும் 100 பக்கங்களைத் தொடுகிறது என்று வையுங்கள். விநாடிக்கு 5 லட்சம் பக்கம். இதில் 99 சதவீதம் ரேமிலேயே கிடைத்துவிடுகிறது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மிச்சமுள்ள அந்த ஒரு சதவீதம் விநாடிக்கு 5,000 டிஸ்க் வாசிப்பு. மேலே பார்த்த ஹார்ட் டிஸ்க் என்றால் இதற்கு 60க்கும் மேல் வேண்டும். அந்த 99 என்பது 98 ஆகக் குறைந்தால் டிஸ்க் வாசிப்பு 10,000, இரண்டு மடங்கு. 99.9 ஆக உயர்ந்தால் 500, பத்தில் ஒரு பங்கு.

அதனால்தான் ரேமில் கிடைத்த விகிதத்தைப் பார்த்துத் திருப்திப்படாமல், கிடைக்காமல் போன எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்கிறேன். 99.2க்கும் 99.6க்கும் உள்ள வேறுபாடு கிராஃபில் கண்ணுக்கே தெரியாது. டிஸ்குக்கோ அது பாதிச் சுமை.

இதை அளக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். போஸ்ட்கிரெஸ் தன் சொந்த கேஷில், அதாவது ரேமில் தனக்கென ஒதுக்கிய இடத்தில், இல்லாத பக்கத்தை எல்லாம் 'படித்தது' என்ற கணக்கில்தான் எழுதும். ஆனால் அந்தப் பக்கம் டிஸ்கிலிருந்துதான் வந்தது என்று அர்த்தமில்லை. லினக்ஸின் கேஷில் இருந்திருக்கலாம், அதுவும் ரேம்தான். எனவே போஸ்ட்கிரெஸின் எண்ணிக்கையோடு லினக்ஸின் ஐஓஸ்டாட் கருவி காட்டும் டிஸ்க் வாசிப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். இன்னோடிபியைப் பெரும்பாலும் லினக்ஸின் கேஷைத் தாண்டிப் போகும்படிதான் அமைப்பார்கள் என்பதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு.

இன்னொன்று. இந்தச் சொந்த கேஷின் அளவைத் தீர்மானிக்கும் போஸ்ட்கிரெஸின் ஷேர்ட் பஃபர்ஸ் அமைப்பும் இன்னோடிபியின் பஃபர் பூலும் நிறுவியவுடன் 128 எம்பியில்தான் இருக்கும். முன்னதற்கு மொத்த ரேமில் கால்வாசியில் தொடங்கலாம் என்றும், பின்னதற்கு 50 முதல் 75 சதவீதம் என்றும் அவற்றின் ஆவணங்களே சொல்கின்றன. போஸ்ட்கிரெஸில் இதை மாற்ற மறந்தாலும் லினக்ஸின் கேஷ் ஓரளவு கைகொடுக்கும். இன்னோடிபியில் மறந்தால் 512 ஜிபி ரேம் வாங்கிப் போட்டும் பயனில்லை. புது சர்வர் கேட்பதற்கு முன் பழைய சர்வரில் இந்த ஒரு வரியைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

எவ்வளவு ரேம்?

தரவுத்தளம் 2 டிபி என்றால் 2 டிபி ரேம் வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். பழைய பதிவுகளை யாரும் அன்றாடம் தொடுவதில்லை. திரும்பத் திரும்பத் தொடப்படும் பகுதி எவ்வளவு என்பதுதான் முக்கியம். அது 150 ஜிபியாகவும் இருக்கலாம், ஒன்றரை டிபியாகவும் இருக்கலாம். மொத்த அளவை வைத்து அதை ஊகிக்க முடியாது, அளந்துதான் ஆக வேண்டும்.

அளக்க எனக்குப் பிடித்த வழி இது. உண்மையான தரவின் நகல் ஒன்றை ஒரு சோதனை இயந்திரத்தில் வைத்து, உண்மையான குவெரி பதிவுகளை அதன்மேல் ஓட்டுங்கள். முதலில் 64 ஜிபி ரேம் மட்டும் கொடுங்கள். அப்புறம் 128, 192, 256. இயந்திரத்தில் அதிக ரேம் இருந்தாலும் லினக்ஸிடம் இவ்வளவுதான் பயன்படுத்தலாம் என்று வரம்பு போட முடியும். ஒவ்வொரு அளவிலும் விநாடிக்கு எத்தனை டிஸ்க் வாசிப்பு என்று குறித்துக்கொண்டே வந்தால், ஏதோ ஓர் அளவில் அது சடாரென்று விழும். அதற்குமேல் ரேம் கூட்டினாலும் பெரிய மாற்றம் இருக்காது. அந்த விழும் இடம்தான் நீங்கள் தேடும் எண். அதோடு அடுத்த மூன்று ஆண்டு வளர்ச்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு எடுக்கும் குவெரி பதிவு ஒரு முழு மாதத்தைத் தொடுவதாக இருக்கட்டும். மாதக் கடைசி அறிக்கைகள் மற்ற நாட்களில் யாரும் தொடாத பக்கங்களை எல்லாம் இழுத்துக்கொண்டு வரும்.

சோதிக்க வசதி இல்லையென்றால் காகிதத்திலேயே ஒரு பகுதியைக் கணக்கிடலாம். வரிகளை விரைவாகத் தேட உதவும் தேடல் பட்டியலான இண்டெக்ஸிலிருந்து தொடங்குங்கள். போஸ்ட்கிரெஸில் 8 பைட் எண்ணை வைத்துப் போட்ட பி-ட்ரீ என்ற மர வடிவ இண்டெக்ஸில் ஒரு பதிவுக்கு சுமார் 20 பைட் ஆகிறது. பக்கத்தை 90 சதவீதம் நிரப்புவதாகக் கொண்டால் ஒரு பக்கத்தில் 360க்கும் மேற்பட்ட பதிவுகள். 100 கோடி வரிகள் கொண்ட டேபிளுக்கு அந்த இண்டெக்ஸ் சுமார் 22 ஜிபி, உயரம் நான்கு அடுக்கு. இதில் அழகு என்னவென்றால், அடியில் உள்ள இலை அடுக்கைத் தவிர மேலே உள்ள எல்லா அடுக்குகளும் சேர்ந்து 60 எம்பி சுமாருக்குத்தான் வரும். அவை எப்போதும் ரேமில்தான் இருக்கும். ஆக, சாவியைக் கொடுத்து ஒரு வரியைத் தேடினால் மிக மோசமான நிலையிலும் டிஸ்குக்குப் போவது இரண்டே முறை: இலைப் பக்கத்துக்கு ஒன்று, வரி இருக்கும் டேபிள் பக்கத்துக்கு ஒன்று. அன்றாடம் பயன்படும் இண்டெக்ஸ்கள் முழுவதும் ரேமில் அடங்கினால் ஒரே முறை. எனவே பயன்படும் இண்டெக்ஸ்களின் மொத்த அளவோடு, அண்மைக்காலத் தரவின் அளவையும் கூட்டினால் ரேமுக்கான கீழ்வரம்பு ஒன்று கிடைத்துவிடும். அதற்குக் கீழே வாங்க வேண்டாம்.

எந்தப் பக்கத்தை ரேமில் வைப்பது லாபம் என்ற கேள்விக்கு 1980களிலேயே விடை தேடியவர்கள் உண்டு. டாண்டம் கம்ப்யூட்டர்ஸில் இருந்த ஜிம் கிரேயும் பிராங்கோ புட்சோலுவும் 1987ல் வெளியிட்ட ஐந்து நிமிட விதி புகழ்பெற்றது. ஒரு பக்கம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது தொடப்படுமானால் அதை ரேமில் வைத்திருப்பதே மலிவு, அதைவிட அரிதாகத் தொடப்பட்டால் டிஸ்கில் விட்டுவிடலாம் என்பது அது. ஐந்து நிமிடம் என்பது அன்றைய விலைகளிலிருந்து வந்த எண். ஆனால் அதன் அடியில் உள்ள சிந்தனைக்கு வயதாகவில்லை. டிஸ்கின் விலையை அது விநாடிக்குச் செய்யும் வாசிப்புகளால் வகுத்தால் ஒரு வாசிப்புத் திறனின் விலை வரும். அதை ஒரு பக்கத்துக்கான ரேமின் விலையால் வகுத்தால் எத்தனை விநாடி இடைவெளி என்பது வரும். உங்கள் கையில் இருக்கும் விலைப்பட்டியலை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹார்ட் டிஸ்கோடு ஒப்பிட்டால் இந்த இடைவெளி மணிக்கணக்காக நீண்டுவிட்டது, ஏனென்றால் ரேம் பல்லாயிரம் மடங்கு மலிந்தது, டிஸ்கின் ஊசி அந்த அளவுக்கு வேகமாகவில்லை. என்விஎம்இயோடு ஒப்பிட்டால் மிகவும் சுருங்கிவிட்டது. நல்ல எஸ்எஸ்டி இருக்கும்போது எல்லாவற்றையும் ரேமில் அடைக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதன் பொருளாதாரக் காரணம் இதுதான்.

ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் நடுவே உள்ள ஆயிரம் மடங்கு இடைவெளியை நிரப்ப இன்டெல்லின் ஆப்டேன் என்ற நினைவகச் சாதனம் வந்தது. அதன் அடிப்படைத் தொழில்நுட்பத்தை 2015ல் அறிவித்தார்கள், 2022ல் அந்த வணிகத்தையே மூடுவதாகச் சொல்லிவிட்டார்கள். சிதறிய வாசிப்புக்கு அதுபோலப் பொருந்திய சாதனம் வேறு இல்லை. எனக்கு இன்றும் அதில் வருத்தம்தான்.

ரேமை எப்படிப் பொருத்துவது

அளவு முடிவான பிறகு, அதை எத்தனை துண்டாக வாங்குவது என்பதும் முக்கியம். இன்றைய சர்வர் சிபியுக்கு ரேமோடு பேச பல தனித்தனிப் பாதைகள் உண்டு. 2022 நவம்பரில் வந்த ஏஎம்டி எபிக் ஜெனோவாவில் 12 பாதைகள், 2023 ஜனவரியில் வந்த இன்டெல் சஃபையர் ரேப்பிட்ஸில் 8. டிடிஆர்5 4800 ரேமில் ஒரு பாதைக்கு விநாடிக்கு 38.4 ஜிபி. பன்னிரண்டும் நிரம்பினால் 460 ஜிபி. 768 ஜிபி வேண்டுமென்று 64 ஜிபி துண்டுகள் 12 வாங்கினால் எல்லாப் பாதைகளும் ஓடும். அதே அளவை 128 ஜிபி துண்டுகள் 6 ஆக வாங்கினால் பாதிப் பாதை காலி, வேகமும் பாதி. பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்று இடம் விட்டு வைப்பது நல்ல எண்ணம்தான், ஆனால் பாதைகளைக் காலியாக விட்டு அதைச் செய்யக் கூடாது. மிகப் பெரிய துண்டுகளுக்கு ஒரு ஜிபிக்கு ஆகும் விலையும் கூடுதலாகவே இருக்கும்.

பிழைதிருத்தும் ஈசிசி ரேம் பற்றி விவாதமே வேண்டாம். கூகுள் தன் சர்வர்களில் நடத்தி 2009ல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் அதிகமான ரேம் துண்டுகளில் பிழை தென்பட்டது. ரேமில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் ஒரு பிட் மாறினால், தவறான விடையை ஆயிரம் பேருக்குக் கொடுத்த பிறகுதான் தெரியவரும். தெரியாமலே போகவும் கூடும்.

பெரிய ரேம் வாங்குபவர்கள் அடிக்கடி தவறவிடும் ஒன்று, ஹியூஜ் பேஜஸ். லினக்ஸ் ரேமை வழக்கமாக 4 கேபி துண்டுகளாக நிர்வகிக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் 8 பைட் குறிப்பு. போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி புராசஸ் தொடங்கும், ஒவ்வொன்றும் தனக்கென்று இந்தக் குறிப்பேட்டை வைத்துக்கொள்ளும். ஷேர்ட் பஃபர்ஸ் 128 ஜிபி, அதை முழுக்கத் தொடும் இணைப்புகள் 200 என்றால், ஓர் இணைப்புக்கு 256 எம்பி வீதம் குறிப்பேட்டுக்கே 50 ஜிபி போய்விடும். 2 எம்பி துண்டுகளாக மாற்றினால் அதே வேலைக்கு 100 எம்பி போதும். போஸ்ட்கிரெஸ் தானாகவே இதற்கு முயலும், ஆனால் அதற்கான இடத்தை லினக்ஸில் நாம் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். காசு செலவில்லாமல் 50 ஜிபி ரேம் கிடைக்கிறது.

டிஸ்கின் பெட்டியில் எழுதியிருக்கும் எண்

என்விஎம்இ எஸ்எஸ்டிகளின் விவரக்குறிப்பில் விநாடிக்கு 10 லட்சம் வாசிப்பு என்று போட்டிருக்கும். பொய் இல்லை. ஆனால் அந்த எண் எப்போது கிடைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு வாசிப்புக்கு 100 மைக்ரோ விநாடி ஆகும் டிஸ்கிடம் ஒன்றைக் கேட்டு, அது வந்த பிறகு அடுத்ததைக் கேட்டால் விநாடிக்கு 10,000தான் முடியும். 10 லட்சம் வேண்டுமென்றால் எந்த நேரத்திலும் 100 வாசிப்புகள் ஒரே சமயத்தில் வரிசையில் இருக்க வேண்டும். என்விஎம்இ அதற்காகவே வடிவமைக்கப்பட்டது. பழைய சாட்டா டிஸ்குகளின் ஏஹெச்சிஐ முறையில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளை. 2011ல் வந்த என்விஎம்இயில் 65,000க்கும் மேற்பட்ட வரிசைகள், ஒவ்வொன்றிலும் அதே அளவு கட்டளைகள் வைக்க இடமுண்டு.

ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கேட்கும் தரவுத்தளத்தில் வரிசை தானாகவே நிரம்பிவிடும். சிக்கல் தனி ஒரு குவெரியில்தான். இண்டெக்ஸ் வழியாகச் சிதறிக்கிடக்கும் 2 லட்சம் வரிகளை எடுக்கும் அறிக்கை ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால் என்விஎம்இயில் 20 விநாடி. ஹார்ட் டிஸ்கில் 40 நிமிடம். எல்லாம் ரேமில் இருந்தால் ஒரு விநாடிக்குள். இந்த 20 விநாடியை இன்னொரு டிஸ்க் வாங்கிக் குறைக்க முடியாது, எட்டு டிஸ்க் வாங்கினாலும் முடியாது, ஏனென்றால் எந்த நேரத்திலும் ஒரு டிஸ்க்தான் வேலை செய்துகொண்டிருக்கும். மென்பொருள் முன்கூட்டியே பல பக்கங்களைக் கேட்டு வைக்க வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த போஸ்ட்கிரெஸ் 18ல் இதற்காகவே ஒத்திசைவற்ற வாசிப்பு முறை சேர்க்கப்பட்டது. முழு டேபிள் வாசிப்பு போன்ற சிலவற்றுக்கு இப்போது அது உதவுகிறது.

அதனால் இரண்டு டிஸ்குகளை ஒப்பிடும்போது உச்ச எண்ணை விட்டுவிட்டு, வரிசையில் ஒரே ஒரு கட்டளை இருக்கும்போது 4 கேபி அல்லது 8 கேபி வாசிப்புக்கு எத்தனை மைக்ரோ விநாடி என்று பாருங்கள். ஃபியோ என்ற கருவியில் இதைச் சில நிமிடங்களில் அளந்துவிடலாம். சராசரி போதாது. ஆயிரத்தில் மிக மெதுவான ஒன்று எவ்வளவு நேரம் எடுத்தது என்பதையும் பாருங்கள், அதுவும் பக்கத்தில் எழுத்து வேலை நடந்துகொண்டிருக்கும்போது. மலிவான எஸ்எஸ்டிகள் அங்கேதான் தடுமாறும்.

எஸ்எஸ்டி போட்ட பிறகு போஸ்ட்கிரெஸின் ரேண்டம் பேஜ் காஸ்ட் அமைப்பையும் திருத்த வேண்டும். வரிசையாகப் படிப்பதற்கான செலவு 1 என்றால் சிதறிப் படிப்பதற்கு 4 என்று அது வைத்திருக்கும். எஸ்எஸ்டிக்கு 1.1 போலக் குறைத்து வைப்பது வழக்கம். மாற்றாமல் விட்டால், இண்டெக்ஸ் மலிவாக இருக்கும்போதும் சில குவெரிகளில் முழு டேபிளையும் படிக்கப் போய்விடும்.

'வாசிப்பு மட்டும்தான்' என்பதும் முழு உண்மை அல்ல. தரவைப் படிக்க மட்டும் செய்யும் செலக்ட் குவெரிகளும் டிஸ்கில் எழுதும். போஸ்ட்கிரெஸில் புதிதாக ஏற்றிய வரிகளை முதல் முறை படிப்பவர், அவை உறுதியானவை என்ற அடையாளத்தைப் பக்கத்தில் குறித்துவிட்டுப் போவார், அந்தப் பக்கம் பின்னால் டிஸ்குக்கு எழுதப்படும். வரிசைப்படுத்தும் வேலை அதற்கென ஒதுக்கிய ரேமான ஒர்க் மெம் அளவுக்கு மேல் போனால், அது தொடக்கத்தில் வெறும் 4 எம்பி, தற்காலிகக் கோப்புகள் டிஸ்கில் குவியும். ஆனாலும் இவை எல்லாம் சேர்ந்தும் எழுத்துச் சுமை மிதமாகத்தான் இருக்கும். நாளொன்றுக்கு டிஸ்கின் முழு அளவை ஒரு முறை எழுதலாம் என்று ஐந்து ஆண்டு உத்தரவாதம் தரும் 3.84 டிபி எஸ்எஸ்டி ஒன்றில் மொத்தம் 7,000 டிபி எழுதலாம். வாசிப்பு மிகுந்த தரவுத்தளம் அந்த எல்லையை நெருங்குவது அரிது. நாளுக்கு மூன்று முறை எழுதும் வகைக்குக் கூடுதல் விலை கொடுப்பதைவிட அந்தப் பணத்தை ரேமில் போடலாம். விட்டுக்கொடுக்கக் கூடாதது மின்தடைப் பாதுகாப்பு. திடீரென்று மின்சாரம் போனாலும் கையில் வைத்திருக்கும் தரவை எழுதி முடிக்கும் கெப்பாசிட்டர்கள் உள்ள சர்வர் ரக எஸ்எஸ்டி அது. வீட்டுக் கணினிக்கான எஸ்எஸ்டிகளில் பெரும்பாலும் இது இருக்காது.

பல டிஸ்குகளை ஒன்றாகக் கட்டும் ரெய்டில் எதைத் தேர்வது? வழக்கமாக ரெய்டு 5ஐ எழுத்து மெதுவாகும் என்று சொல்லித் தள்ளுவார்கள். ஒரு சிறு எழுத்துக்கு இரண்டு வாசிப்பும் இரண்டு எழுத்தும் ஆகும் என்பது உண்மை. எழுத்து குறைவான இடத்தில் அது பெரிய குறை இல்லை. நான் ரெய்டு 10ஐச் சொல்வதற்குக் காரணம் வேறு. ஒரு டிஸ்க் செத்துப்போன அன்று ரெய்டு 5ல் அந்த டிஸ்கில் இருந்த ஒவ்வொரு பக்கத்தையும் படிக்க மற்ற எல்லா டிஸ்குகளையும் படித்துக் கணக்குப் போட வேண்டும். வாசிப்பே வேலையாக இருக்கும் தரவுத்தளத்துக்கு அது பெரிய அடி. ரெய்டு 10ல் அதே நகலை வைத்திருக்கும் ஜோடி டிஸ்கிலிருந்து படித்துவிடலாம். என்விஎம்இ டிஸ்குகளை ரெய்டு கார்டுக்குப் பின்னால் கட்டுவதையும் தவிர்க்கலாம். ஒவ்வொரு டிஸ்கும் சிபியுவோடு பேச நான்கு பிசிஐஇ பாதை கேட்கும். எட்டு டிஸ்குக்கு 32. கார்டுக்கு இருப்பதோ எட்டு அல்லது பதினாறு. லினக்ஸின் சொந்த ரெய்டு போதும்.

மறுதொடக்கம்

எல்லாக் கணக்கும் ரேம் நிரம்பியிருக்கிறது என்ற அனுமானத்தில் போட்டது. சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டால்? 512 ஜிபி கேஷ் என்பது 8 கேபி அளவில் 6.7 கோடி பக்கம். குவெரிகள் வரவர, விநாடிக்கு 10,000 வீதம் அது நிரம்பினால் 1 மணி 50 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் பயனர்கள் டிஸ்கின் வேகத்தில்தான் பதில் பெறுவார்கள். அதையே வரிசையாக விநாடிக்கு 5 ஜிபி வீதம் இழுத்துப் போட்டால் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். போஸ்ட்கிரெஸின் பிஜி ப்ரீவார்ம் இதற்குத்தான். மைஎஸ்க்யூஎல் 5.7 முதல், அணைக்கும்போது எந்தெந்தப் பக்கங்கள் ரேமில் இருந்தன என்ற பட்டியலைத் தானே எழுதி வைத்து மறுபடி ஏற்றிக்கொள்ளும், ஆனால் சூடான கால் பங்கை மட்டும். முழுவதும் வேண்டுமென்றால் அந்தச் சதவீதத்தை உயர்த்த வேண்டும். ரேம் எவ்வளவு பெரிதோ, டிஸ்கின் வேகம் அவ்வளவு முக்கியம் என்பதை இந்த ஒரு சூழல் காட்டிவிடும். எல்லாம் ரேமில் அடங்கும், டிஸ்க் எதுவானாலும் சரி என்று நினைத்து வாங்கியவர்கள் முதல் மறுதொடக்கத்தில் அவதிப்படுவார்கள்.

சிபியு, நெட்வொர்க்

பக்கங்கள் ரேமில் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் சிபியு முட்டுக்கட்டையாகிறது. மைஎஸ்க்யூஎல்லில் ஒரு குவெரி ஏறக்குறைய எப்போதும் ஒரே கோரில்தான் ஓடும். போஸ்ட்கிரெஸ் 2016ல் வந்த 9.6 முதல் பெரிய குவெரிகளைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும், சிறியவற்றை அல்ல. எனவே ஒரு குவெரி எவ்வளவு சீக்கிரம் முடியும் என்பதை ஒரு கோரின் வேகமும், எத்தனை குவெரி ஒரே சமயத்தில் ஓடும் என்பதைக் கோர்களின் எண்ணிக்கையும் தீர்மானிக்கின்றன. இப்போதைய சர்வரில் உச்ச நேரத்தில் உண்மையாகவே ஓடிக்கொண்டிருக்கும் குவெரிகள் 12 என்றால் 64 மெதுவான கோர்களைவிட 24 வேகமான கோர்கள் நல்லவை. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் 2012 முதல் கோர் எண்ணிக்கைப்படி உரிமம் விற்கிறது. அங்கே தேவையற்ற ஒவ்வொரு கோரும் சர்வர் விலையைத் தாண்டிய செலவு.

இரண்டு சாக்கெட் சர்வர் தேவையா என்பதையும் யோசியுங்கள். இரண்டு சிபியு இருந்தால் ரேமும் இரண்டாகப் பிரியும், பக்கத்துச் சிபியுவின் ரேமைத் தொட ஏறக்குறைய ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ நேரமாகும். ஒரு பக்க ரேம் நிரம்பி, மறுபக்கம் காலியாக இருக்கும்போதே ரேமில் இருப்பதை டிஸ்குக்குத் தள்ளும் ஸ்வாப் வேலை தொடங்கும் தொல்லை மைஎஸ்க்யூஎல் நிர்வாகிகளுக்குப் பழக்கமானது. பஃபர் பூலை இரண்டு பக்கமும் சமமாகப் பரப்பும் அமைப்பு அதற்காகவே வந்தது. ஒரே சாக்கெட்டில் 768 ஜிபி ரேமும் 128 பிசிஐஇ பாதைகளும் கிடைக்கும்போது, அதற்குள் அடங்கும் தரவுத்தளத்துக்கு இந்தத் தொல்லையை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

நெட்வொர்க்குக்கு ஒரு கணக்கு போதும். விநாடிக்கு 5,000 குவெரி, ஒவ்வொன்றுக்கும் 20 கேபி விடை என்றால் 100 எம்பி. ஒரு கிகாபிட் கார்டின் எல்லை 125 எம்பி. பத்து கிகாபிட்டுக்குக் கீழே யோசிக்கவே வேண்டாம்.

ஒரு பெரியதா, இரண்டு நடுத்தரமா?

வாசிப்பு மிகுந்த தரவுத்தளத்தின் பெரிய வசதி, நகல் சர்வர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம் என்பது. போஸ்ட்கிரெஸில் 2010ல் வந்த 9.0 முதல் நகலிலிருந்து நேரடியாகப் படிக்கலாம். 512 ஜிபி ரேம் உள்ள ஒரு சர்வருக்குப் பதிலாக 256 ஜிபி உள்ள இரண்டு வாங்கினால் ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும். இந்தக் காரணம் ஒன்றே பலருக்குப் போதும்.

ஆனால் ரேமைப் பொறுத்தவரை இரண்டும் சமம் இல்லை. வரும் குவெரிகளை மாற்றி மாற்றி இரண்டு சர்வருக்கும் அனுப்பினால் இரண்டும் அதே பக்கங்களைத்தான் ரேமில் வைத்திருக்கும். மொத்தம் 512 ஜிபி வாங்கியிருந்தாலும் வேலைக்கு ஆவது 256 ஜிபி கேஷ்தான். திரும்பத் திரும்பத் தொடப்படும் பகுதி 400 ஜிபி என்றால் இரண்டு சர்வரும் டிஸ்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும், ஒரே பெரிய சர்வர் ரேமிலிருந்தே பதில் சொல்லியிருக்கும். மூன்றாவது நகலைச் சேர்த்தாலும் நிலைமை அதேதான், அதற்கும் 256 ஜிபிதான்.

குவெரிகளை வகை பிரித்து அனுப்பினால் கதை மாறும். அறிக்கைகள் எல்லாம் ஒரு சர்வருக்கு, அன்றாடத் தேடல்கள் எல்லாம் இன்னொன்றுக்கு. அல்லது வாடிக்கையாளர் எண்ணை வைத்து ஒற்றைப்படை இங்கே, இரட்டைப்படை அங்கே. அப்போது ஒவ்வொன்றின் ரேமிலும் வேறு வேறு பக்கங்கள் தங்கும். மாதக் கடைசி அறிக்கை ஓடும்போது தேடலுக்கான பக்கங்கள் வெளியே தள்ளப்படுவதும் நிற்கும். ஒன்று விழுந்து இன்னொன்றின் தலையில் எல்லாம் வந்து சேரும் நாளில் அதன் கேஷ் பாதிதான் பொருந்தும். அன்றைக்கு அந்தச் சர்வரின் டிஸ்குகள் எத்தனை வாசிப்பைத் தாங்க வேண்டும் என்று முன்பே கணக்கிட்டு, டிஸ்குகளை அந்த எண்ணுக்குத்தான் வாங்க வேண்டும்.